மட்டி சுருங்கினால் முதலில் மணியைப் பாருங்கள்

"அண்ணே, மட்டி சரியில்லை, என்ன செய்ய?" பினாங்கில் ரீஃப் தொட்டியில், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில், ராட்சத மட்டி வைத்திருக்கும் தம்பிகளிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் செய்தி இது. கூடவே மங்கலாக ஒரு படம் இருக்கும். சுருங்கிய மட்டி எல்லாமே படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை மணிக்கு எடுத்த படம் தம்பி?"

மட்டிக்கு வரும் கோளாறுகள் பல. அது காட்டும் அறிகுறிகளோ நாலைந்துதான். சுருங்கும், பிளக்கும், வெளுக்கும், படபடக்கும், இடம் மாறும். அறிகுறி எந்த நேரத்தில் வருகிறது, எதைச் செய்த பிறகு வருகிறது என்று கவனித்தால் காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். மதியம் மூன்று மணிக்குச் சுருங்கும் மட்டிக்கு ஒரு வைத்தியம், இரவெல்லாம் ஏர்கோன் ஓடிய அறையில் காலையில் சோர்ந்து நிற்கும் மட்டிக்கு வேறு வைத்தியம்.

இங்கே பேசப்போவது இரண்டடித் தொட்டி, அதாவது 100 முதல் 120 லிட்டர் வரை. மட்டி என்றால் சார் குவே தியோவில் போடும் கெராங் இல்லை. மலாய்க்காரர்கள் கீமா என்று சொல்லும் ராட்சத மட்டி வகை. கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் மேக்சிமா, குரோசியா, ஸ்குவாமோசா, டெராசா. இவற்றில் குரோசியா சுமார் 15 செ.மீ.யோடு நின்றுவிடும். மேக்சிமா 30 செ.மீ. வரை போகும். டெராசா அரை மீட்டரையும் தாண்டும், ஆகவே இரண்டடித் தொட்டியில் அதற்கு எதிர்காலமே இல்லை. சின்னதாக, அழகாக இருக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள்.

கையை விடுவதற்கு முன்

எந்த அறிகுறி என்றாலும் முதலில் தண்ணீரைச் சோதித்து அளவு பாருங்கள். வெப்பநிலையை இரண்டு முறை எடுக்க வேண்டும்: காலை ஏழு மணிக்கு ஒன்று, மாலை நாலு மணிக்கு ஒன்று. உப்பு அளவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது அடர்த்தி 1.025, 1.026. ஆல்க், அதாவது தண்ணீரின் காரத்தன்மை, 8 முதல் 9 டிகேஎச். கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் (பத்து லட்சத்தில் பங்கு), மெக்னீசியம் 1250 முதல் 1350 பிபிஎம். நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம். பாஸ்பேட் 0.02 முதல் 0.1 வரை. உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்ஓ (வடிகட்டிச் சுத்தம் செய்த) தண்ணீரில் பூஜ்யம் வைத்துவிட்டு நம்பிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. 35 பிபிடி கரைசல் ஒரு சின்னப் பாட்டில் வாங்கி அதில் சரிபாருங்கள். பூஜ்யத்தில் சரியாகக் காட்டும் கருவி 35-இல் இரண்டு மூன்று புள்ளி தள்ளிக் காட்டலாம்.

இதெல்லாம் முடியும்வரை மட்டியை நகர்த்தக் கூடாது. பயந்துபோய் இடம் மாற்றி, மறுநாள் மறுபடி மாற்றி, அப்படியே கொல்லப்பட்ட மட்டிகள்தான் நோயில் செத்தவற்றைவிட அதிகம் என்பது என் கணிப்பு.

மதியத்துக்கு மேல் சுருங்குகிறது

காலையில் நன்றாக விரிந்திருக்கிறது. ஒரு மணிக்கு மேல் ஓரம் உள்ளே போகிறது. விளக்கு அணைவதற்குள் பாதி மூடிவிடுகிறது. இந்த ஊரில் இதற்கு முதல் காரணம் சூடு. ஆயர் ஈத்தாமிலோ ஜெலுத்தோங்கிலோ மேற்குப் பார்த்த ஃபிளாட் என்றால் மதிய வெயிலில் சுவரே கொதிக்கும். அந்தச் சுவரை ஒட்டித் தொட்டி. அதற்குமேல் விளக்கின் சூடு, நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரின் சூடு. காலையில் 27 காட்டிய தண்ணீர் மாலையில் 31 காட்டும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், அதே நேரம் மட்டிக்கு மூச்சுத் தேவை கூடும். இரண்டும் சேர்ந்தால் அது சுருங்காமல் என்ன செய்யும்?

"நம் கடலே 29 டிகிரிதானே, மட்டி அதில் வாழவில்லையா?" என்று கேட்பார்கள். வாழ்கிறதுதான். ஆனால் கடல் பொதுவாக ஒரே நாளில் நாலு டிகிரி ஏறி இறங்குவதில்லை. என்னைக் கேட்டால் 26-க்கும் 30-க்கும் இடையே ஊசலாடும் தொட்டியைவிட 28-இல் அசையாமல் நிற்கும் தொட்டி மேல். முடிந்தால் 26, 27-இல் நிறுத்துங்கள். எப்போதாவது மின்சாரம் போனாலும் தாங்கும் அளவுக்கு இடைவெளி கிடைக்கும்.

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வசதியில்லை என்றால் தண்ணீர்ப் பரப்பின்மேல் ஒரு சின்ன ஃபேன் போதும், இரண்டு மூன்று டிகிரி இறக்கிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட வெயிலில் அது நன்றாக வேலை செய்யும். செப்டம்பர், அக்டோபரில் மழை பிடித்து, காற்றே ஈரமாக இருக்கும்போது தண்ணீர் ஆவியாகாது, ஃபேனும் அவ்வளவாக உதவாது. வேலை செய்கிற நாளில் இன்னொரு தொல்லை உண்டு. 100 லிட்டரில் 3 லிட்டர் ஆவியாகிவிட்டால் 35 பிபிடி 36-ஐத் தாண்டிவிடும். தானாகத் தண்ணீர் நிரப்பும் கருவி இல்லாத வீட்டில், விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது மட்டி மூடிக் கிடப்பதற்கு இதுவே காரணமாக இருக்கும். சூட்டைக் குறைக்கிறேன் என்று உப்பை ஏற்றிவிட்டோம். ஃபேன் வாங்கும் அன்றே நிரப்பும் கருவியும் வாங்குங்கள்.

வெப்பநிலை ஆடவில்லை, ஆனாலும் மதியம்தான் சுருங்குகிறது என்றால் விளக்கைச் சந்தேகப்படலாம். விளக்கு உச்சத்தைத் தொடும் நேரமும் சுருங்கும் நேரமும் ஒன்றா? புதிதாக வந்த மட்டி என்றால் கடையில் மங்கலான வெளிச்சத்தில் இருந்திருக்கும். எல்இடி அளவைப் பாதியாகக் குறைத்து, மூன்று நாலு வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள். மேக்சிமாவும் குரோசியாவும் கடைசியில் 250 பாருக்கு (பாசிக்குப் பயன்படும் வெளிச்சத்தின் அளவு) மேல் கேட்கும். ஸ்குவாமோசாவுக்கு 150 முதல் 250 போதும். பார் மீட்டர் விலை அதிகம், தெரிந்த கடைக்காரரிடம் ஒரு நாள் இரவல் கேட்டுப் பாருங்கள்.

விளக்கு போட்ட பிறகும் காலையில் சோர்ந்து நிற்கிறது

இரவில் மட்டி சுருங்குவது இயல்பு. அதன் சதைக்குள் குடியிருக்கும் பாசிக்கு வெளிச்சம் இல்லாதபோது அது விரிந்து நிற்கத் தேவையில்லை. விளக்கு எரிந்து அரை மணி, ஒரு மணி நேரத்தில் திறக்க வேண்டும். பத்து மணி ஆகியும் திறக்கவில்லை என்றால் பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) பாருங்கள். படுக்கையறையில் தொட்டி, ஜன்னலெல்லாம் அடைத்து ஏர்கோன், உள்ளே இரண்டு மூன்று பேர் தூக்கம். விடியும்போது அறைக் காற்றில் கரியமில வாயு சேர்ந்து, தண்ணீர் பிஎச் 7.7-க்கு வந்திருக்கும். புகைமூட்டக் காலத்தில் பகலிலும் ஜன்னலைத் திறக்க முடியாது, அப்போது இன்னும் மோசம். கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் காற்றை இழுக்கும் குழாயை நீட்டி அறைக்கு வெளியே கொண்டுபோனால் நல்ல மாற்றம் தெரியும். ஆனால் அந்தக் குழாய் முனையைச் சாமி அறைப் பக்கம் வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையைத் தொட்டிக்குள் இழுத்துவிட வேண்டாம்.

சுண்ணாம்பு நீரை இரவில் சொட்டுச் சொட்டாக விடுவதும் பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும். அக்வாரியத்துக்கென்று விற்கும் தூய கால்சியம் ஹைட்ராக்சைடுதான் வேண்டும், வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு இல்லை.

இதே தலைப்பில் இன்னொன்று. டெங்கிப் புகை அடித்த மறுநாள் மட்டி மூடியிருந்தால் வேறு கணக்கு. கொசுவுக்கு அடிக்கும் மருந்து முதுகெலும்பில்லாத உயிர்களுக்கும் ஆகாது. முதலில் இறால் படுக்கும். தொட்டியில் சுத்தம் செய்யும் இறால் நடுங்கிக்கொண்டு புரண்டு கிடந்தால் சந்தேகமே வேண்டாம், பெரிய அளவில் தண்ணீர் மாற்றி, நச்சை உறிஞ்சும் கார்பன் புதிதாகப் போடுங்கள். புகை அடிப்பதாக அறிவிப்பு ஒட்டியிருந்தால் முன்னாடியே ஜன்னலை மூடி, ஸ்கிம்மரையும் காற்றுப் பம்பையும் நிறுத்தி, தொட்டி மேல் ஈரத் துண்டைப் போர்த்திவிடுங்கள். வேவ்மேக்கர் மட்டும் ஓடட்டும். வாசனை போன பிறகு திறந்தால் போதும். தொட்டி இருக்கும் அறையில் கொசு ஸ்ப்ரே எப்போதுமே வேண்டாம்.

தண்ணீர் மாற்றிய பிறகு, எதையாவது ஊற்றிய பிறகு

ஒரு மணி நேரத்துக்குள் சுருங்கி, மறுநாள் சரியாகிவிட்டால் புதுத் தண்ணீரின் உப்போ ஆல்க்கோ பழையதோடு ஒத்துப்போகவில்லை. சில உப்புக் கலவைகள் கரைத்தால் 11, 12 டிகேஎச் காட்டும். உங்கள் தொட்டி 8-இல் நின்றால் ஒவ்வொரு மாற்றமும் ஓர் அடி. ஒரே தரமாக இருபது சதம் மாற்றாமல் பத்துப் பத்தாக மாற்றுங்கள்.

கடை வாசலில் காசு போட்டுப் பிடிக்கும் ஆர்ஓ மெஷின் தண்ணீரைப் பலர் பயன்படுத்துகிறார்கள். தப்பில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் கரைந்திருக்கும் பொருள்களின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பாருங்கள். சில மெஷின்கள் ருசிக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கும், சிலவற்றில் ஃபில்டர் மாற்றிப் பல காலம் ஆகியிருக்கும். ஐந்துக்கு மேல் காட்டினால் அந்தத் தண்ணீர் குடிக்கத்தான். தஞ்சோங் புங்காவில் வாளியோடு இறங்கிக் கடல் தண்ணீர் அள்ளி வரும் யோசனையையும் விட்டுவிடுங்கள். இங்கே கரையோரத் தண்ணீர் சேறு கலங்கியது.

மீனுக்கு வெள்ளைப் புள்ளி வந்து செம்பு கலந்த மருந்து ஊற்றிய தொட்டியா? அதில் மட்டி வைக்காதீர்கள். பாறையும் மணலும் செம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு விடும்.

படபடவென்று மூடித் திறக்கிறது

எப்போதாவது ஒரு முறை மட்டி சட்டென்று சுருங்கி, தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு விரியும். அது தும்மல் மாதிரிதான், கவலை வேண்டாம். நிமிடத்துக்கு நிமிடம் நடந்தால் யாரோ சீண்டுகிறார்கள். நாற்காலியைப் போட்டு, தொட்டிக்கு எட்ட உட்கார்ந்து பாருங்கள். கோரல் பியூட்டி, ஃபிளேம் ஏஞ்சல் போன்ற குட்டி ஏஞ்சல் மீன்கள் மேன்டில் (ஓட்டுக்கு வெளியே விரியும் சதை) ஓரத்தைக் கொத்தும். சில பிளென்னி மீன்களும் அப்படித்தான். நீங்கள் கண்ணாடிக்கு அருகே போனால் மீன் சோற்றுக்கு ஓடி வந்துவிடும், குற்றம் தெரியாது. கைப்பேசியைச் சாய்த்து வைத்து வீடியோ எடுத்துவிட்டு அறையை விட்டுப் போய்விடுங்கள்.

மீன் இல்லை என்றால் இரவு வேலை இருக்கிறது. விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து, டார்ச்சில் சிவப்புத் தாள் சுற்றிக்கொண்டு மட்டியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஓட்டுக்கும் பாறைக்கும் இடையிலும், ஓட்டு மடிப்புகளின் இடுக்கிலும், மேன்டிலின் ஓரத்திலும் அரிசி மணி அளவுக்கு வெள்ளையாக, கூர்நுனியோடு நத்தைகள் ஒட்டியிருக்கும். இதுதான் பிரமிட் நத்தை. பகலில் ஒளிந்துகொள்ளும். இரவில் மெல்லிய உறிஞ்சு குழலை மட்டியின் சதைக்குள் விட்டுக் குடிக்கும். ஒன்றிரண்டைப் பெரிய மட்டி தாங்கும். ஆனால் அவை பெருகும் வேகத்துக்கு விரல் நீள மட்டி சில வாரங்கள்கூடத் தாங்காது.

மட்டி தளர்வாக உட்கார்ந்திருந்தால் ஒரு பேசினில் தொட்டித் தண்ணீரையே எடுத்து, அதற்குள் வைத்தே, மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் ஓட்டைத் தேயுங்கள். நத்தை உதிரும். அதோடு நிறுத்திவிட்டால் வாரத்தில் திரும்பி வரும், காரணம் முட்டை. ஓட்டின்மேல் பளபளப்பாக, ஜெல்லித் துளி போல ஒட்டியிருப்பது அதுதான். நகத்தாலோ பழைய பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பாலோ வழித்து எடுங்கள். ஒன்றரை மாதமாவது சில நாளுக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஆறுகோட்டு ராஸ் மீன் இவற்றைப் பொறுக்கித் தின்னும் என்பது உண்மை. ஆனால் இரண்டடித் தொட்டியில் அது வளர்ந்த பிறகு மற்ற மீன்களை அடித்து விரட்டும் என்பதும் உண்மை. நான் பிரஷ் கட்சி.

அடியில் முள்புழுவைக் கண்டால் பதறாதீர்கள். பெரும்பாலும் அது செத்ததைத் தின்ன வந்தது.

மேன்டில் ஓரம் கிள்ளிப் பிடித்தாற்போல்

மேன்டில் விரிகிறது, ஆனால் ஒரு பக்கம் யாரோ விரலால் கிள்ளி உள்ளே இழுத்து வைத்தது போல மடிந்தே நிற்கிறது. நாளாக ஆக அடுத்த பக்கமும் மடிகிறது. பக்கத்தில் பாறையோ கொட்டும் பவளமோ அந்த ஓரத்தைத் தொடுகிறதா என்று முதலில் பாருங்கள். தொட்டால் விலக்குங்கள், கதை முடிந்தது.

எதுவும் தொடவில்லை என்றால், ஒட்டுண்ணியால் வருகிறது என்று மட்டி வளர்ப்பவர்கள் கருதும் நோய் இது. இதற்கு அவர்கள் கையாளும் வைத்தியம் நன்னீர்க் குளியல். ஆர்ஓ தண்ணீரை எடுத்து, தொட்டியின் வெப்பநிலைக்கே கொண்டுவந்து, சமையல் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு பிஎச்சை 8-க்கு மேல் ஏற்றி, அதில் 20 முதல் 30 நிமிடம் மட்டியை வைக்க வேண்டும். இறுக மூடிக்கொள்ளும், சில நேரம் நுரை கக்கும். பேசினை லேசாக ஆட்டிக் கொடுத்தால் நன்னீர் உள்ளே போகும். திரும்பத் தொட்டிக்குள் வைக்கும்போது தண்ணீருக்குள்ளேயே சாய்த்து, சிக்கிய காற்றுக் குமிழி வெளியேறும்வரை பிடித்திருங்கள். முதல் குளியலில் தெளியாவிட்டால் ஒரு வாரம் பொறுத்து மறுபடி. ஏற்கெனவே பிளந்து கிடக்கும் மட்டிக்கு இதைச் செய்யாதீர்கள், தாங்காது. ஒரே தொட்டியில் இரண்டு மட்டி இருந்தால் இரண்டுக்கும் சேர்த்தே செய்யுங்கள்.

வெளுக்கிறது

நடுப்பகுதியிலிருந்து பழுப்பு நிறம் போய், கண்ணாடி போலத் தெரிய ஆரம்பித்தால் பாசி வெளியேறுகிறது. சூடு, திடீர் வெளிச்சம், நீண்ட நாள் வெளிச்சப் பற்றாக்குறை என எதனாலும் வரும். 2010-இல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தபோது தீபகற்ப மலேசியாவின் கடல் பூங்காக்களில் சில முக்குளிப்பு இடங்களையே மூடி வைத்தார்கள். கடலில் நடந்தது தொட்டியிலும் நடக்கும், வேகம்தான் அதிகம்.

பலர் யோசிக்காத காரணம் அதிகச் சுத்தம். நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம் என்று பெருமையாகச் சொல்வார்கள். மட்டிக்குள் இருக்கும் பாசிக்கு நைட்ரஜன் வேண்டும், மட்டியும் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மீன் இல்லாத தொட்டியில், பெரிய ஸ்கிம்மரோடு, மட்டி மெல்ல வெளுப்பது பட்டினியால். இரண்டு மீன் விடுங்கள், ஸ்கிம்மரைக் கொஞ்சம் குறையுங்கள்.

உள்ளிழுக்கும் வாய் பிளந்து நிற்கிறது

மட்டியின் மேல்பக்கம் இரண்டு திறப்பு உண்டு. குழாய் போல நீட்டிக்கொண்டிருப்பது தண்ணீரை வெளிவிடுவது. நீளக் கீறலாக இருப்பது உள்ளிழுப்பது. இந்தக் கீறல் அகன்று, உள்ளே செவுள் தெரியும்படி பிளந்து, மேன்டில் ஓட்டுக்குள் தொய்ந்து கிடந்தால் நிலைமை மோசம். மேலே கையை நகர்த்தி நிழல் காட்டிப் பாருங்கள். மேன்டில் ஓரத்தில் நூற்றுக்கணக்கில் குட்டிக் கண்கள் உண்டு. தெம்புள்ள மட்டி உடனே சுருங்கும். மெதுவாக, வேண்டாவெறுப்பாக அசைந்தால் வெப்பநிலை, உப்பு, ஆக்சிஜன் மூன்றையும் அந்த மணி நேரத்திலேயே சரிசெய்யுங்கள். மருந்து தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். அசையவே இல்லை, சதை உரிகிறது, நாற்றம் வருகிறது என்றால் உடனே வெளியே எடுங்கள். சின்னத் தொட்டியில் ஒரு மட்டி அழுகினால் ஒரே இரவில் அம்மோனியா ஏறி மீன்களும் போய்விடும்.

விழுகிறது, நகர்கிறது

நீரோட்டம் நேரே முகத்தில் அடித்தாலோ இடம் பிடிக்காவிட்டாலோ மட்டி தன்னைத்தானே தள்ளிக்கொண்டு போகும். மேக்சிமாவும் குரோசியாவும் பாறையில் ஒட்டுபவை. அவற்றை மணலில் போட்டால், பிடிநூல் வெளிவரும் அடித்துளை திறந்தே கிடக்கும். உள்ளங்கை அளவு தட்டைக் கல்லின்மேல் வையுங்கள். பிடிநூல்களை விட்டு ஒட்டிக்கொள்ளும். பிறகு கல்லோடு சேர்த்து எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம்.

ஒட்டிய மட்டியை இழுத்துப் பிடுங்கக் கூடாது. நூலோடு அது சுரக்கும் சதையும் கிழிந்து வந்தால் மட்டி பிழைப்பது அரிது. புது பிளேடை ஓட்டுக்கும் பாறைக்கும் நடுவே செருகி, பாறையை ஒட்டியே நூலை அறுங்கள். அறுபட்ட நூல் திரும்ப வரும்.

ஓடு வளரவில்லை

நலமாக இருக்கும் மட்டியின் ஓட்டு விளிம்பில் புதுசாக வெள்ளைக் கோடு தெரியும். அது இல்லையென்றால் மூன்று நாள் ஒரே நேரத்தில் ஆல்க் பாருங்கள். மட்டி வளர வளர ஆல்க் குடிப்பது கூடும், போன மாதம் போதுமாக இருந்த அளவு இந்த மாதம் போதாது.

தொட்டி முழுக்கப் பால் கலங்கினாற்போல்

மட்டி விந்தும் முட்டையும் விடுகிறது. திடீர்ச் சூடு இதைத் தூண்டும். பார்க்க அழகுதான், ஆனால் சின்னத் தொட்டியில் ஆக்சிஜன் காலியாகும். காற்றுப் பம்பைப் போடுங்கள், கார்பன் போடுங்கள், கைவசம் கலந்து வைத்த உப்புத் தண்ணீர் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் மாற்றுங்கள்.

வாங்கும்போதே தவிர்க்கக்கூடியவை

5 செ.மீ.க்குக் குறைந்த குட்டி வேண்டாம். நிழல் காட்டிப் பாருங்கள், அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பிடிநூல் இடத்தில் சதை கிழிந்திருக்கிறதா, அரிசி நத்தை இருக்கிறதா என்று பாருங்கள். ராட்சத மட்டி வகைகள் எல்லாமே 1985 முதல், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. மலேசியாவிலும் 1999-ஆம் ஆண்டு விதிகளின்படி பாதுகாக்கப்பட்டவை. ஆகவே பண்ணையில் வளர்த்தது, முறையான பெர்மிட்டோடு வந்தது என்று ரசீதில் எழுதித் தரும் கடையில் வாங்குங்கள். கடல் பூங்காவான புலாவ் பாயாருக்குச் சுற்றுலா போன இடத்தில் பாறையிலிருந்து பெயர்த்து வருவது குற்றம். பெயர்த்தது பிழைக்கவும் செய்யாது.

பையில் மட்டி முழுதாக மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். வீடு பெறையிலோ பட்டர்வொர்த்திலோ என்றால் மாலை ஐந்து மணிக்கு மேல் பாலத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டிவரும் என்று உங்களுக்கே தெரியும். தெர்மோகோல் பெட்டி ஒன்றை வண்டியிலேயே போட்டு வையுங்கள்.